புகார் எண் 212

பகல் பன்னிரண்டு மணிக்குள் பரிதி பதில் சொல்லியாக வேண்டும்.

பிழைகளையும் திருத்தங்களையும் இனி எதில் வைத்துக்கொள்வது? பழையபடி மின்னஞ்சலிலா, புதுக் கருவியிலா? சிங்கப்பூரிலிருந்து பகலவன் பழசே போதும் என்றுவிட்டான். கூத்தாநல்லூரிலிருந்து கமருன்னிஸா புதுசு என்றாள். மூன்றாவது ஓட்டு இவனுடையது.

மூவரும் சேர்ந்து எழுதிய கட்டற்ற மென்பொருள் அது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துக் காத்திருப்பவர்களின் போனுக்கு மழை வருமுன் எச்சரிக்கை அனுப்பும். படுதாவை இழுத்து மூடக் கால் மணி நேரம் கிடைத்தால் போதும் அவர்களுக்கு.

கமருன்னிஸா குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

“மெயில்ல கெடக்குறது கெணத்துல போட்ட மாதிரிதான் பரிதி. புதுசுல, எந்தப் பிழை யாரு பண்ணுன திருத்தத்தால வந்துச்சுன்னு அதுவே கோத்துடும். புகார் குடுத்தவங்களுக்குப் பேரோட மெசேஜும் போயிடும். ஒனக்கென்ன பயம், நீ என்ன திருடனா?”

சிரிக்க வேண்டிய இடம். அவன் அதை மூன்று முறை கேட்டான்.

புகார் எண் 212. தைக் கடைசியில் வந்தது. ‘மழ பேஞ்ச பொறவுதான் மெசேஜ் வந்துச்சு. நாப்பது மூட்டை நெல்லும் மொளச்சிட்டு.’

அதற்கு மூன்று வாரம் முன்பு, வராத மழைக்கு எச்சரிக்கை அனுப்பி வெயிலில் படுதா போட வைத்துவிட்டான் என்று ஊரே அவனைக் கேலி செய்தது. பொறுக்காமல் ஒரு திருத்தம் எழுதினான். பக்கத்து ஊர் மழைமானியும் ஆமாம் என்று சொல்லும்வரை எச்சரிக்கை காத்திருக்கட்டும். அதிகபட்சம் அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்தில்தான் மழை பெய்தது.

‘பார்க்கிறோம்’ என்று குழுவின் பெயரில் பதில் போட்டான். திருத்தத்தைச் சத்தமில்லாமல் நீக்கினான். புகார் கொடுத்தவர் அதன்பின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ஆறு மாதமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான்.

மின்னஞ்சலில் 212-ஐத் தேடினான். நானூறு கடிதங்களுக்குக் கீழே போயிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அவனுக்கே கிடைக்காது.

அது ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல்தான் அவனைப் பயமுறுத்தியது.

பழசு என்று தட்டினான். அழித்தான்.

மணி பன்னிரண்டாக இரண்டு நிமிடம் இருந்தபோது, புதுசு என்று அனுப்பினான்.

கமருன்னிஸா காத்திருக்கவில்லை. புகார்கள் ஒவ்வொன்றாகப் புதுக் கருவிக்குள் ஏறத் தொடங்கின. 190. 204. 212-இலிருந்து ஒரு கோடு கிளம்பி அவன் பெயரில் போய் நின்றது.

கொல்லைக் குழாயடியில் ஒரு போன் ஒலித்தது.

வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா, ஈரக் காலோடு உள்ளே வந்தார். எதுவானாலும் என்னிடம் வாயால் சொல்லாதீர்கள், புகார் படிவத்தில் போடுங்கள் என்று பரிதி ஊருக்கே சொல்லிவைத்திருந்தான். தைக் கடைசியில் அப்பாவும் அப்படியே செய்திருந்தார்.

போனை நீட்டினார்.

“கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல. என்னமோ வந்துருக்கு, படிப்பா.”