மஞ்சள் சில்லு

இன்ஸ்பெக்டர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் சுரண்டி எடுத்துவிட வேண்டும். நகம் பிய்ந்து ரத்தம் கசிந்தும் வேதவல்லி நிறுத்தவில்லை. கணவன் சாவு பற்றி விசாரிக்க அழைத்து, உட்காரச் சொன்ன ஸ்டேஷன் பெஞ்ச் அது.

அவள் குப்பை பிரிக்கும் கிடங்கிலிருந்து, உருக்க முடியாத சிப்ஸ், ஷாம்பு கவர்களெல்லாம் சிமென்ட் ஆலைக்கு எரிக்கத்தான் போகும். அந்தத் தைரியத்தில் அன்று வீட்டிலிருந்து கொண்டுபோன ஒரு கவரையும் மூட்டையில் திணித்தாள். அந்த மாதம் பார்த்தா முதலாளி கவர்களைத் துண்டாக்கி, சூட்டில் அழுத்திப் பலகை செய்ய ஆரம்பிக்க வேண்டும்? அந்தப் பலகையில் செய்ததுதான் இந்த பெஞ்ச்; சில்லுகளில் படம்கூட அழியவில்லை.

“என்னம்மா, புது பெஞ்சைக் குடையறீங்க?”

“பிசிறு குத்துது சார்.”

“கையை எடுங்க, பாப்போம்.”

டம்ளரை வைத்துவிட்டு அவர் எழுந்து வந்தார். அவள் கையை எடுக்கவில்லை. விரலுக்கடியில், மஞ்சள் சில்லில், பாதி எலி. கணவனின் குழம்பில் அவள் கொட்டிக் கலக்கிய பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருந்த எலி.