இந்தியா ரேட்

"அப்ப கீழ இறங்கினதுக்கு எனக்குச் சம்பளம் குடுத்தான் மேன்! இப்ப இறங்குறதுக்கு நான் காசு குடுக்கணுமா?"

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஹேமந்தின் கம்ப்யூட்டர் கடை அதிர்ந்தது. வால்டரின் குரல் அப்படி. ஒருநாள் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் அவர் தும்மியதைக் கார்டின் விசில் என்று டிரைவர் எண்ணியதில், ரயில் ஆளை ஏற்றாமலே கிளம்பிவிட்டது.

"இன்னா அங்கிள் ஆச்சு?"

"அந்தச் சுரங்க கேம்தான்! நேத்து வரைக்கும் அறுநூறு ரூபா. இன்னிக்கு பென்ஷன் வந்துச்சு, வாங்கலாம்னு தொறந்தா மூவாயிரம்! அமெரிக்காக்காரனுக்கும் அதே ரேட்டு, எனக்கும் அதே ரேட்டு. அவனும் நானும் ஒரே பென்ஷனா வாங்குறோம்?"

கேஜ் என்னும் சுரங்க லிஃப்டில் ஏறிப் பாதாளத்தில் இறங்கித் தங்கம் வெட்டும் கேம் அது. ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் இருக்கும் தங்கச்சி மகன் லாய்ட் ஏற்கெனவே விளையாட ஆரம்பித்துவிட்டான். "அங்கிள், நீங்க போன ஆழத்தை நான் தாண்டிட்டேன்" என்று தினமும் சீண்டுகிறான். இருபத்தைந்து வருஷம் தங்கச் சுரங்கத்தில் நிலத்துக்கடியில் கிடந்த வால்டருக்கு அது பொறுக்குமா? அவனை ஒரு லெவலாவது முந்தாமல் கண் மூடுவதில்லை என்று சபதம் போட்டிருந்தார்.

போனில் மெசேஜ் சத்தம். அடுத்த நொடியே லாய்டின் அழைப்பு. வெடிச் சத்தத்தில் காது பாதி போனவர், ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அங்கிள், மெசேஜ்ல வந்த நம்பர்?"

"எட்டு, நாலு, நாலு, ஒண்ணு, ஏழு. வை மேன், நான் கோவத்துல இருக்கேன்!"

ஹேமந்த் புருவத்தைத் தூக்கினான்.

"மரியாதை தெரிஞ்ச பையன்," என்றார் வால்டர். "ஆஸ்திரேலியாவுல அவன் எதைத் தொறந்தாலும் நம்பர் என் போனுக்குத்தான் வரும். நான் சொன்னாத்தான் அங்க தொறக்கும். அதை வுடு. ரேட்டை ஏன் ஏத்தினான், அதச் சொல்லு!"

"வெளிநாட்டுக்காரன்லாம் இந்தியாவுல இருக்கிற மாதிரி நடிச்சு நம்ம ரேட்ல வாங்குறானாம் அங்கிள். கம்பெனி கடுப்பாயி நம்ம ரேட்டையே தூக்கிட்டான்."

"அங்க இருக்கிறவன் இங்க இருக்கிறதா எப்படி மேன் நடிப்பான்?"

"இங்க எவனாச்சும் கூட்டு இருக்கணும்."

வால்டர் மேசையில் ஓங்கிக் குத்தினார். மவுஸ் ஒன்று தாவிக் கீழே விழுந்தது.

"கருங்காலி! ஸ்ட்ரைக் அன்னிக்கு ஷிஃப்டுக்குப் போனானுங்களே, அவனுங்ககூட இவனுக்குத் தேவலாம். நம்ம ஊரு ஏழைப்பட்டவன் வயித்துல அடிக்கிறான் பாரு! அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், கேஜ்ல ஏத்தி பெல் அடிக்காமலே கீழ வுடுறேன்!"

போன் மறுபடி அடித்தது. லாய்ட்தான்.

"அங்கிள், எல்லாம் போச்சு! இந்தியா ரேட்டைத் தூக்கிட்டான். உங்க நம்பரை வச்சுத்தானே எங்க சர்ச் ஆளுங்க அத்தனை பேருக்கும் நம்ம ஊரு விலையில வாங்கிக் குடுத்துட்டு இருந்தேன். சரி, நேபாளத்துல இன்னும் ரேட்டு கம்மிதானாம், அங்க நமக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"