அசையாத கோடு

மீகடத்திக் காந்தச் சுருளில் ஓரிடத்தை மட்டும் சூடாக்கிப் பார்க்கும் சோதனை. சூடு பரவாமல் அடங்கினால்தான் சுருள் ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷினுக்குப் போகும். திரையில் வெப்பக் கோடு அசையவே இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

“இது செல்லாது,” என்றாள் கம்ப்யூட்டரில் வெப்பக் கணக்குப் போடும் இன்ஜினியர். “கோடு கொஞ்சம் ஏறித்தான் இறங்கணும். ஹீட்டர் ஒயரைப் பாருங்க.”

புதிதாக வந்த மேனேஜருக்குச் சுருக்கென்றது. “நல்லா வந்ததுல ஏம்மா நொட்டை சொல்றீங்க? மாசக்கணக்கா சுருள் சுத்தின அந்தம்மா முகத்தைப் பாருங்க.”

அந்தம்மா மூலையில் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் கணக்கு தப்பாது சார். பாருங்க.”

பார்த்தார்கள். ஒயர் கழன்று கிடந்தது. மாட்டிவிட்டு மறுபடி சூடாக்கினார்கள். கோடு அவள் கணக்கில் இருந்தபடியே ஏறியது. மேனேஜர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கோடு சமர்த்தாக இறங்கிவிட்டது.

“இப்பவாவது அவங்களை ஒரு வார்த்தை பாராட்டுங்களேன். அவங்க மேல அப்படி என்ன கோபம் உங்களுக்கு?” என்றார் இன்ஜினியரிடம்.

அவள் அந்தம்மாவின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். “வீட்டுக்குக் கிளம்பலாமா அத்தை?”

“இரு,” என்று மேனேஜரிடம் திரும்பினார் மாமியார். “என் சுருளாச்சேன்னு சும்மா பாஸ் பண்ணிவிட்டா வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு, காலையிலேயே சொல்லித்தான் சார் இவளைக் கூட்டிட்டு வந்தேன்.”