பிரேக் வாத்தியார்

"இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்? அவன் காதுல விழவா போகுது?"

அடக்கி அடக்கிப் பார்த்து அவள் வெடித்தே விட்டாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டிலில் மகன் கண் மூடிக் கிடந்தான். வாயில் குழாய். அவனுக்காக இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை.

தீயணைப்பு நிலையத்தில் வேலை அவனுக்கு. பாம்பு புகுந்துவிட்டது என்று யார் கூப்பிட்டாலும் முதல் ஆளாக ஓடுவான். மழலையர் பள்ளியில் செருப்பு அலமாரிக்குள் சுருண்டிருந்த நாகத்தைப் பிடிக்கப் போனவனின் கையை அது பதம் பார்த்துவிட்டது.

கட்டில் ஓரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்த கணவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகனின் காதருகே குனிந்து பேசிக்கொண்டே இருந்தார்.

"குழந்தைங்க அத்தனை பேரையும் வெளியே அனுப்பிட்டுத்தான் அலமாரிகிட்டயே போனியாமே. கடி வாங்கின பிறகும் பாம்பை விடலையாமே. சாக்குல போட்டுக் கட்டிட்டு அப்புறம்தான் கீழே உக்காந்தியாமே. அந்தத் தைரியம் எனக்கு வராதுடா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பாராட்டாத மனுஷன்! டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேலேயே கால் வைத்துப் பழகியவர். தெருவே அவரை 'பிரேக் வாத்தியார்' என்றுதான் சொல்லும். வீட்டிலும் அதே கால், அதே பிரேக். மகன் பந்தயத்தில் ஜெயித்துக் கோப்பை வாங்கிக்கொண்டு வந்தால், "முதல்ல சட்டை பட்டனைப் போடு" என்பார். வேலை கிடைத்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு வந்து நின்றபோது, "நிரந்தரமா, தற்காலிகமா?" என்றார். "அப்பா என்னம்மா சொன்னார்?" என்று அவன் சமையலறைக்கு வந்து கேட்கும்போதெல்லாம், சந்தோஷப்பட்டார்டா என்று இவள்தான் புளுகியிருக்கிறாள்.

அவன் பிழைக்க வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டாம். ஆனால் அப்பா வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்காமலே போய்விடுவானோ என்ற நினைப்பு அவளைப் போட்டு அரித்தது.

"டாக்டர் என்னதான் சொன்னார்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்" என்றாள். முதல் நாள் டாக்டர் விளக்கியபோது அவள் வெளியே பெஞ்சில் மயங்கிக் கிடந்தாள்.

"பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிப்பாங்கல்ல, அந்த மாதிரி" என்றார் அவர். "தசையை அசைய வைக்கணும்னா நரம்பு ஒரு ஆளை அனுப்பும். அசிடைல்கோலின்னு பேரு. அந்த ஆள் உக்கார தசையில சீட்டு இருக்கு, அதுக்கு ரிசப்டர்னு பேரு. உக்காந்தாத்தான் தசை வேலை செய்யும். பாம்பு விஷம் முன்னாடியே போய் எல்லா சீட்டுலயும் துண்டு போட்டுடுச்சு. நம்ம ஆள் உக்கார இடமில்லாம நிக்கிறார். அதான் இமை, கை, கால், மூச்சு எல்லாம் படுத்துடுச்சு."

"எந்திரிப்பானாங்க?"

"விஷமுறிவு மருந்து ஏத்தியாச்சு. அசிடைல்கோலினைக் கூட்டுற ஊசியும் போடறாங்க. நம்ம ஆளுங்க கூட்டம் சேர்ந்தா சீட்டு கிடைக்காமலா போயிடும்? கண்டிப்பா எந்திரிப்பான்!"

கடைசி வார்த்தையைக் கட்டிலைப் பார்த்து, பக்கத்து அறைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அவள் குலுங்கி அழத் தொடங்கினாள்.

"இங்க அழாதே. அழணும்னா வெளியே போய் அழு."

என்ன கல்நெஞ்சு! மாலையில் அவளுடைய தம்பி வந்தான். கட்டிலைப் பார்த்துவிட்டு, "தேறுவானா அத்தான்?" என்று இழுத்தான். அவ்வளவுதான். கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவனை வெளியே அனுப்பிவிட்டு வந்து, மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"லைசென்ஸ் டெஸ்ட்ல நீ வண்டியை நிறுத்தினப்போ கோணலா இருக்குன்னு சொன்னேன்ல? கோணலே இல்லடா. நூல் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் போன் பண்ணாங்க. நீங்கதான் அவரோட அப்பாவான்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன். என் ஜென்மத்துல அவ்வளவு பெருமையா ஆமா சொன்னதில்லடா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முழிச்சுக்கிட்டு இருந்தப்போ சொல்லியிருந்தா ஆளே பூரிச்சுப் போயிருப்பானே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாள் இமை துடித்தது. பிறகு விரல். அதற்கடுத்த நாள் டாக்டர் குழாயை எடுத்தார். மகன் தானாக மூச்சு விட்டான்! அவள் ஓடிப் போய் அவன் தலையைத் தடவினாள்.

கரகரத்த குரலில் அவன் முதல் முதலாகப் பேசினான். "அம்மா... அப்பாவைத் திட்டாதே. அந்த நூல் பிடிச்ச மாதிரி நிறுத்தினதை... இன்னொரு தடவை சொல்லச் சொல்லு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டர்! இவனுக்குத்தான் நினைவே இல்லையே?"

"யாரும்மா சொன்னது?" என்று டாக்டர் சிரித்தார். "விஷம் துண்டு போட்டது தசையில மட்டும்தான். மூளையும் காதும் நல்லா முழிச்சுக்கிட்டு இருந்துச்சு. 'அவனுக்கு எல்லாம் கேக்குது, பயந்து போயிருப்பான், நல்லதாவே பேசிக்கிட்டு இருங்க'ன்னு முதல் நாளே சார்கிட்ட சொல்லிட்டேனே!"

அவள் மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள். பிரேக் வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி முணுமுணுத்தார்:

"அவனுக்குக் கேக்குதுன்னு உனக்கும் தெரிஞ்சிருந்தா, உன் முன்னாடி இப்படிப் பேச எனக்கு வாய் வந்திருக்குமாடி?"