குளிர வைத்தல்

அநியாயத்துக்கு ஆளானவர்கள் அந்தக் கோயிலுக்கு வந்து, ஆட்டுக்கல்லில் மிளகாயை அரைத்து அம்மன் கல்லின்மேல் அப்பிவிட்டுப் போவார்கள். நியாயம் கிடைக்கும்வரை அம்மனுக்கு எரியும். கிடைத்ததும் அவர்களே வந்து நல்லெண்ணெய் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். மகளைக் கொளுத்திய மருமகன் பேரைச் சொல்லி மயிலாத்தாளும் அப்படித்தான் அப்பிவிட்டுப் போயிருந்தாள்.

இன்று நல்லெண்ணெய் நிறைத்த தூக்குப்போசியுடன் தனியாக வந்து நின்றவளைப் பார்த்துப் பூசாரியின் முகம் மலர்ந்தது.

"தீர்ப்பு வந்துருச்சுங்களா அம்மிணி?"

"வந்துருச்சுங்க. ஸ்டவ் வெடிச்சுதுன்னு சொல்லி அவனை விட்டுட்டாங்க."

"அப்புறம் எண்ணெய் எதுக்குங்க? ஞாயம் கெடைச்சவங்கதானே ஊத்தோணும்."

ஆஸ்பத்திரியில் வாழையிலைமேல் கிடந்த மகள் கடைசிவரை நியாயம் எதுவும் கேட்கவில்லை. "எரியுதும்மா, வீசி விடு" என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மயிலாத்தாள் கல்லின் உச்சியில் எண்ணெயை ஊற்றினாள். காய்ந்து ஒட்டியிருந்த மிளகாயை உள்ளங்கையால் மெல்லத் தேய்த்து வழித்தாள். பிறகு முந்தானையால் வீசத் தொடங்கினாள். வெகுநேரம் வீசினாள்.

பூசாரி தயங்கித் தயங்கிச் சொன்னார். "குளிர வெச்சுட்டா உங்க முறையீடு முடிஞ்சுதுன்னு ஆயிருமுங்க."

"முடியலீங்க. ஆத்தா கொஞ்சம் எளப்பாறட்டும்."

கல்லைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. இடுப்பில் செருகியிருந்த முடிச்சை அவிழ்த்து, மிளகாயை ஆட்டுக்கல்லில் கொட்டினாள்.