நீட்டிய கை

“கண்ணப் பொத்துங்க காக்கா. இறகா, ஊசியா எண்டு மட்டும் சொன்னாப் போதும்.”

முகைதீன்பாவா கண்ணை மூடினார். இடுப்பில் ஏதோ மெல்ல வருடியது. இறகு என்றார். அடுத்தது சுரீரென்றது. ஊசி என்று கத்தியேவிட்டார்.

காத்தான்குடியில் இருபது வருடம் தறிக்குழிக்குள் காலம் தள்ளிய மனுஷன். இடுப்பில் உடுத்த சாரம் மறைக்கும் இடமெல்லாம் சிவப்புச் சிவப்பாய்ப் படை கிளம்பி மூன்று வருடமாகிறது. பெருநோய்தான், குஷ்டம்தான் என்று ஊர் தீர்ப்பே சொல்லிவிட்டது. அவர் நெய்த சாரத்தை வாங்க ஆளில்லை. இன்று தோணியேறி வாவி நடுவிலிருக்கும் பெருநோய்த் தீவுக்கு வந்திருக்கிறார். நோய் உறுதியானால் இனி மவுத்தாகும்வரை இங்கேதான். கூடவே இருப்பேன் என்று அடம்பிடித்த மனைவி உம்மு குல்தூமைத் தோணிக்காரன் ஏற்றவில்லை. அவள் அக்கரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

சோதிக்கிறவர் பெயர் அழகரத்தினம். முழுக்கைச் சட்டை, சப்பாத்து, அவசரமில்லாத பேச்சு. டாக்குத்தரின் உதவியாளராக இருக்க வேண்டும். வந்ததும் பழக்கதோஷத்தில் முகைதீன்பாவா கைகோத்து முஸாபஹா செய்ய இரண்டு கையையும் நீட்ட, அவர் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். இந்தத் தோலை யார்தான் தொடுவார் என்று இவர் நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டார்.

அடுத்தது வெந்நீர்ச் சோதனை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலை அழகரத்தினம் வெறுங்கையால் தூக்கினார். துணியுமில்லை, முகச்சுளிப்புமில்லை. போத்தலில் கீறியிருந்த கோடுவரை வெந்நீரும் மிச்சத்துக்குப் பச்சைத்தண்ணீரும் ஊற்றி, அதன் கழுத்தில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினார். மற்றப் போத்தலில் முழுக்கப் பச்சைத்தண்ணீர்.

முகைதீன்பாவாவுக்கு மேனி சிலிர்த்தது. ஊரில் றாத்தீபு ஓதும்போது பக்கீர் பாவாமார் உடம்பில் கம்பியால் குத்திக்கொண்டும் சிரித்தபடி நிற்பதைக் கண்ணால் கண்டவர் அவர். யா அல்லாஹ், இதுவும் அப்படியொரு கறாமத்தா, உன் அருளால் நடக்கும் அற்புதமா? இனி இந்த மனுஷர் வாயில் வருவது எதுவானாலும் சரி என்று மனம் சொல்லிவிட்டது.

போத்தல்களை மாறி மாறிப் படையில் வைத்தபோது சூடும் குளிரும் ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

“எல்லாம் தெரியுது ஐயா. கடிதான் தாங்கேலாது. ராவு பகலாச் சொறிஞ்சு சொறிஞ்சு...” வெட்கத்தில் குரல் தேய்ந்தது.

“கடிக்குதா?” அழகரத்தினத்தின் முகம் மலர்ந்தது. “அப்ப இது பெருநோய் இல்ல காக்கா. பெருநோய்ப் படையில கடியும் வராது, சூடும் தெரியாது.”

முதலிலேயே முகைதீன்பாவாவிடம் எடுத்திருந்த தோல் துணுக்கை உள்ளே உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்த டாக்குத்தரும் வந்து அதையே சொன்னார். பெருநோய்க் கிருமி ஒன்றுகூட இல்லையாம். உடம்புக்குக் காவல் நிற்கிற வெள்ளை அணுக்களே தோலில் வந்து குடியேறிப் பெருகுகிற நோயாம். இலட்சத்தில் ஒருவருக்கு வருவதாம். அடியோடு மாறாது, ஆனால் ஆமை போலத்தான் நகரும். ரயிலேறிக் கொழும்புக்குப் போய் தோலுக்கு ஒளிச் சிகிச்சை பிடித்தால் கடி அடங்கும். யாருக்கும் தொற்றாது; பெண்சாதியோடு வீட்டிலேயே இருக்கலாம்.

முகைதீன்பாவா விம்மி விம்மி அழுதார். காவல்காரனே வீட்டைப் பிடித்துக்கொள்கிற நோயும் உலகத்தில் இருக்கிறதா! அதை ஒரு கோழியிறகை வைத்துக் கண்டுபிடித்த கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஓடினார். அழகரத்தினம் மறுபடியும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றார்.

“தொத்தாது எண்டு டாக்குத்தர் இப்பதானே சொன்னாங்க ஐயா. இன்னும் ஏன் பயப்படுறீங்க?”

“உங்கட நோய் தொத்தாது காக்கா,” என்றார் அழகரத்தினம். “என்ட நோய் தொத்தும்.”

டாக்குத்தர் அவருடைய கையை முன்னால் இழுத்து மருந்துச் சீலை சுற்றத் தொடங்கினார். கேத்தல் பிடி சுட்டு உள்ளங்கை முழுக்கக் கொப்புளமாகியிருந்தது அழகரத்தினத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.