துணைவேந்தரின் குரல்

ஆட்சிக்குழுக் கூட்டங்களில் பேராசிரியர் மங்கையர்க்கரசி பேசியது யார் காதிலும் ஏறவில்லை. அதனால் பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுத்தது. அவர் சொல்வதை அது ஆண்குரலில் திருப்பிச் சொன்னது. உடனே எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.

மூன்றே ஆண்டுகளில் கருவியை ஒருமனதாகத் துணைவேந்தராக்கினார்கள்.

“நாளைக்குப் பதவியேற்பு மேடம்,” என்றார் பதிவாளர். “துணைவேந்தர நல்லா சார்ஜ் போட்டு எடுத்துட்டு வந்துருங்க.”

மேடையில் உறுதிமொழி சொல்லும் நேரத்தில் மங்கையர்க்கரசி வாயைத் திறக்கவில்லை. கருவியும் பேசவில்லை. முப்பது ஆண்டுப் பணியில் முதல்முறையாக, ஓர் அரங்கமே தன் சொல்லுக்காகக் காத்திருப்பதை அவர் பார்த்தார்.

பதிவாளர் நெகிழ்ந்துபோய் எழுந்தார்.

“பாத்தீங்களா, சார் எவ்வளவு நிதானம்!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.